வெளியே பூட்டு

வளவுமுக்கு
8 ஜூன் 2025

அக்கா,

நலமா என்று கேட்கவில்லை. முந்தாநாள் போனில் வந்த சத்தத்தை வைத்துப் பார்த்தால் நீ நல்ல தெம்பாகத்தான் இருக்கிறாய்.

போனில் பேசினால் பாதியில் கட் பண்ணுகிறாய். காகிதத்தை கட் பண்ண முடியாது. கிழிக்கலாம், ஆனால் படிக்காமல் கிழிக்கிற ஆள் நீ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றரை மணி பஸ் கண்டக்டர் ரதீஷ் சேட்டனிடம் கொடுத்துவிடுகிறேன். கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "அம்மாவ உள்ள வச்சு வெளிய பூட்டப் போட்டுட்டு, ஆளில்லாத வீடுன்னு எழுதியிருக்கியே, நீ மனுசனாலே?" நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய்.

ஆமாம், பூட்டினேன். ஆளில்லை என்று எழுதினேன். ஆனால் பூட்டச் சொன்னது அம்மா.

இந்தப் பூட்டு விவகாரம் உனக்குத் தெரியாது. நீ ஹாஸ்டலுக்குப் போய், அங்கிருந்து வேலைக்குப் போய், மாமி வீட்டு மாடியில் குடியேறின பிறகு வந்தது இது. நம் எஸ்டேட்டில் ஆறு லயம், லயத்துக்கு எட்டு வீடு. தேயிலை கிள்ளுகிறவரைக்கும் வீடு நம்முடையது. ரிட்டயரானால் காலி பண்ணிவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டும். எங்கே இறங்க? அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊர்ப்பெயர் இருக்கிறது, வீடு இல்லை. மற்றவர்களுக்கும் அப்படித்தான். அதனால் யாரும் இறங்கவில்லை. மேனேஜருக்கும் தெரியும். இப்படி ரிட்டயரானவர்கள் இருக்கிற இருபத்தேழு வீடும் காலி என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார். தலைமை ஆபீசிலிருந்து ஜீப் வருகிற நாளில் மட்டும் இருபத்தேழுக்கும் வெளியே பூட்டு தொங்க வேண்டும். உள்ளே அடுப்பு எரியாது, டி.வி. ஓடாது, யாரும் தும்மக்கூட மாட்டார்கள். ஜீப் போனதும் திறந்துவிட வேண்டும். படிப்பை விட்டுவிட்டுச் சும்மா திரிகிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் சாவிக்கொத்து என்னிடம். லயத்தில் எனக்கு இருக்கிற ஒரே உத்தியோகம் அது.

அப்புறம் மார்ச்சில் நீ இன்னொரு உத்தியோகம் வாங்கிக் கொடுத்தாய். உங்கள் ஆபீஸ் போடுகிற வளவுமுக்கு வளர்ச்சித் திட்டத்துக்கு வீடு வீடாகக் கணக்கெடுப்பது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், வீட்டுக்கு இருபத்திரண்டு கேள்வி. முதல் நாள் சூப்பர்வைசர் ஜீப்பில் வருகிறார் என்று லயத்தில் சொன்னேன். நான் சொன்ன மற்றது எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. ஜீப் மட்டும் ஏறியது. பிச்சைக்கனி மாமா வாசலில் வந்து நின்று, "பூட்டுடே, பொறவு பேசலாம்" என்றார். இது எஸ்டேட் ஜீப் இல்லை, பஞ்சாயத்துக்காக வருகிறது என்றேன். "ஜீப்புல என்னடே ஜாதி? எல்லாத்துக்கும் நாலு டயருதான்."

நம் வீட்டில் அம்மாவே பூட்டை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பூட்டினேன். குறுக்குப் பாதையில் ரோட்டுக்கு இறங்கி, அட்டையை மாட்டிக்கொண்டு, இந்த இடத்தையே பார்க்காதவன் மாதிரி சூப்பர்வைசர் பின்னால் ஏறி வந்தேன். நம் வீட்டுக் கதவை மூன்று தடவை தட்டினேன். மூன்று தடவை தட்டுவது விதி. உள்ளே அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'பூட்டிய வீடு' என்று அழுத்தினால் டேப் ஒரு போட்டோ கேட்கும். எடுத்தேன். ஜீப் போனதும் திறந்தேன். அம்மா டீ போட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

எனக்குப் புரியாதது ஒன்று. ஊருக்குப் படம் வரைகிறவர்கள் நீங்கள். இருபத்தேழு வீட்டில் ஆள் இருந்தால் உங்களுக்கு என்ன, இல்லாவிட்டால் என்ன?

பிரஜின்


ஸ்ரீவராகம்
11 ஜூன் 2025

பிரஜின்,

கடிதத்தைக் கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தேன். வாலாம்பாள் மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன்.

மனுசனா என்று கேட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மற்றது எதையும் வாங்கவில்லை.

எங்களுக்கு என்ன என்று கேட்கிறாய். எங்கள் ஆபீசில் ஒரு வீடு என்பது ஒரு கறுப்புப் புள்ளி. ஆள் இல்லாத வீட்டுக்குப் புள்ளி கிடையாது. நீ அனுப்பிய கணக்கில் நான்காவது லயத்திலும் ஐந்தாவதிலும் ஒரு புள்ளிகூட இல்லை. ஆறாவதில் இரண்டு. அந்த இடம் முழுவதும் வரைபடத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. சாம்பல் என்றால் காலிக் கட்டடம், இடித்துவிட்டு வேறு எதற்காவது உபயோகிக்கலாம் என்று அர்த்தம். பொன்முடிக்குச் சுற்றுலா போகிற வண்டிகளை நிறுத்த வளவுமுக்கில் சமதளமே இல்லையே என்று எங்கள் சார் மூன்று மாதமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். சாம்பலைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இப்போது அங்கே பஸ் ஸ்டாண்டு, எண்பது கார் நிற்கும் பார்க்கிங், கழிப்பறை, பன்னிரண்டு கடை. எஸ்டேட்டும் நிலத்தைத் தரத் தயார் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்கள் ரிஜிஸ்டரிலும் காலிதானே.

இன்னும் இருக்கிறது. ஆள் குறைந்துகொண்டே போகிற ஊர் என்று கணக்கு சொல்வதால் அங்கன்வாடியைக் கீழே கல்லாறு ஊரோடு சேர்க்கச் சிபாரிசு செய்திருக்கிறோம். வாரம் இரண்டு நாள் வருகிற நர்ஸும் இனி அங்கேதான்.

2045 வரைக்குமான படம் இது. இருபது வருடம். அதில் ஒரு நாள்கூட அம்மா இல்லை.

போன வாரம் அச்சாகி வந்ததும் சுவரில் நம் வீட்டைத் தேடினேன். காணோம். உன் போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஹாஸ்டலுக்கு நான் கொண்டுபோன டிரங்குப் பெட்டியின் பூட்டு. அடையாளத்துக்கு நான் வைத்த சிவப்பு நகப்பாலிஷ் இன்னும் இருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் போன் செய்தேன்.

29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து ஹாலில் ஆட்சேபக் கூட்டம். அதற்குள் இருபத்தேழு வீட்டுக்காரர்களும் 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். போய்ச் சொல்.

கௌசல்யா


வளவுமுக்கு
15 ஜூன் 2025

அக்கா,

போய்ச் சொன்னேன். டேப் இல்லாமல் போனால் என்னை ஒருத்தரும் மதிப்பதில்லை.

பிச்சைக்கனி மாமா முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, எழுதிக் கொடுக்கிற காகிதம் பஞ்சாயத்திலிருந்து எங்கே போகும் என்றார். எஸ்டேட்டுக்கும் ஒரு காப்பி போகலாம் என்றேன். போனால் மறுநாளே இறங்கச் சொல்வான் என்றார். எழுதிக் கொடுக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டு வரும் என்றேன்.

"அது எப்ப வரும்?"

"பத்து வருசம் ஆவலாம்."

"அப்ப எனக்கு எழுவத்தெட்டு. வரட்டும்டே. மொத பஸ்ஸுல நானே ஏறிப் போயிருதேன்."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். கணக்கில் வந்தால் இப்போதே வெளியே. வராவிட்டால் பிறகு வெளியே. மாமா பிறகு என்பதை எடுத்துக்கொண்டார். தப்பா?

வார்டு மெம்பர் சத்தியதாஸை டீக்கடையில் பிடித்தேன். அவருக்கு இந்த இருபத்தேழு வீடும் தெரியும். தேர்தல் சமயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்தான். வோட்டர் லிஸ்டில் நாம் இருக்கிறோம். ரேஷன் கடையில் இருக்கிறோம். எஸ்டேட் ரிஜிஸ்டரில் இல்லை, உன் படத்தில் இல்லை. இதை அவரிடம் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மோனே, பார்க்கிங் வந்தாத்தான் பஸ் வரும். நினக்கு பஸ் வேண்டாமோ?"

டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் ஏன் பாலிடெக்னிக்கை விட்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டாய். இங்கிருந்து முதல் பஸ் எட்டே முக்காலுக்கு. கிளாஸ் ஒன்பதுக்கு. போய்ச் சேர பத்தரை ஆகும். இரண்டு வருடம் முதல் பீரியட் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அட்டெண்டன்ஸ் இல்லை என்று பரீட்சை எழுத விடவில்லை. கோபத்தில் வந்துவிட்டேன். அம்மாவிடம் படிப்பு பிடிக்கவில்லை என்று சொன்னேன்.

உங்கள் படத்தைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, அதுதான் தொந்தரவு. அசிங்கமாக இருந்தால் கத்திவிட்டுப் போயிருப்பேன். ஓரத்தில் காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் என்று போட்டிருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டு பையன்களெல்லாம் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். நானும் பிடித்தேன். அந்த ஆறு மணி பஸ் இருந்திருந்தால் நான் இப்போது ஃபைனல் இயர். அது வந்து நிற்கிற இடம் நம் அடுப்பு.

இந்த ஊருக்கு ஒரு எழவும் வராதா என்று தினமும் திட்டினவன் நான்தான். வருகிறது. இப்போது நான் எந்தப் பக்கம் நிற்பது? படித்தவள்தானே, சொல்.

பிரஜின்


ஸ்ரீவராகம்
19 ஜூன் 2025

பிரஜின்,

எனக்கும் தெரியவில்லை.

பஸ் விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மீண்டும் சேர வழி இருக்கிறது, விசாரித்தேன். மாமி வீட்டில் கீழே பின்னறை காலியாக இருக்கிறது. இங்கிருந்து போனால் ஒன்பது மணி கிளாசுக்குப் போய்விடலாம். இதை இப்போது சொல்வது உன்னை அங்கிருந்து கிளப்புவதற்காக இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றை எழுத வேண்டும். இந்தக் காகிதத்தை இரண்டு நாளாக மடித்து மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

களத்திலிருந்து வருகிற போட்டோக்களைச் சரிபார்த்து டிக் போடுவது என் வேலை. ஏப்ரலில் ஒரு மதியத்தில் நானூறு போட்டோ பார்த்தேன். உன்னுடைய இருபத்தேழும் அதில் இருந்தன. நம் கதவு என் கண்முன்னால் வந்தது, டிக் போட்டேன், அடுத்ததற்குப் போனேன். என் பூட்டு, நான் பதினாறு வயது வரை திறந்து மூடிய கதவு. அடையாளம் தெரியவில்லை. கதவு, பூட்டு, ஆளில்லை, சரி. ஒரு போட்டோவுக்கு மூன்று விநாடி. உன்னைப் போனில் திட்டும்போது இது எனக்குத் தெரியும்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவர் அறை வரை போனேன். தண்ணீர் குடிக்க வந்த மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வேறு இடம் இல்லாமல் இல்லை. மூடிக்கிடக்கிற பழைய தேயிலை ஃபாக்டரி முற்றம் இருக்கிறது. எண்பது கார் நிற்காது, முப்பது நிற்கும். பஸ் திரும்ப இடம் போதுமா என்று அளந்து பார்க்க வேண்டும். ஆனால் சாம்பல் நிறம் சும்மா கிடக்கும்போது யாரும் வேறு இடத்தை அளக்கப் போவதில்லை. புள்ளிகள் வந்தால்தான் அளப்பார்கள்.

நீ எழுதுகிற கடிதங்களில் எல்லாரும் பேசுகிறார்கள், அம்மா மட்டும் பேசவே இல்லை. அவள் என்ன சொல்கிறாள்?

கௌசல்யா


வளவுமுக்கு
30 ஜூன் 2025

அக்கா,

நீ டிக் போட்டதைப் படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். கணக்கில் வரணுமா வேண்டாமா என்று. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஒனக்கு எது சரின்னு படுதோ செய்யி. அந்தப் பூட்ட மட்டும் தொலச்சிராத, அது அவ பெட்டிப் பூட்டு" என்றாள். வேறு ஒன்றும் வாங்க முடியவில்லை.

நேற்றுக் கூட்டம். அறுபது பேர் இருப்பார்கள். கடைக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் பாதி. முன்வரிசையில் எஸ்டேட் மேனேஜர். நம் இருபத்தேழு வீட்டிலிருந்து நாலே பேர், கடைசி பெஞ்சில், வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வந்த மாதிரி. உங்கள் சார் திரையில் படம் காட்டினார். ஆறு மணி பஸ் வந்ததும் ஆட்டோ பையன்கள் கை தட்டினார்கள். எனக்கும் கை போனது, பிடித்து வைத்துக்கொண்டேன்.

ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். மலையாளத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுந்தபோது மேனேஜர் திரும்பிப் பார்த்தார். ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கணக்கெடுத்தவன் நான், பூட்டினவனும் நான், இருபத்தேழிலும் ஆள் இருக்கிறார்கள், என் அம்மா உட்பட என்று சொல்லிவிட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து பிச்சைக்கனி மாமா எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். கொத்தைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, தன் சாவியைக் கண்டுபிடித்துக் கம்பியிலிருந்து கழற்றினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுல ஆளு இல்ல" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் இன்னும் பத்துப் பேர் நம் வீட்டுக்கு வந்து அவரவர் சாவியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஜெபமலர் அக்கா மட்டும் வாங்கின சாவியைப் பாதி வழியில் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார், அப்புறம் மறுபடி வாங்கிப் போனார். கொத்தில் பதினாறு மிச்சம். அம்மாவுடையது அதில் இருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார். இத்தனை நாள் நான் எதையும் பார்க்காமல்தானே இருந்தேன், இனிமேல் எப்படிப் பார்க்காமல் இருப்பது என்று மலையாளத்தில் கேட்டார். அதட்டவில்லை அக்கா. நிஜமாகவே கேட்டார்.

நான் செய்தது சரியா? பதினொரு வீட்டுக்கு நான் துரோகி. மிச்சம் பதினாறுக்கு என்ன என்று இன்னும் தெரியவில்லை.

பிரஜின்


ஸ்ரீவராகம்
5 ஜூலை 2025

பிரஜின்,

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக சாரிடம் சொன்னேன். டிக் போட்டதையும், அது என் வீடு என்பதையும். வளவுமுக்குப் படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது வேறொரு ஊரின் சாக்கடைகளை வரைகிறேன்.

மறுகணக்கு உண்டு. 13-ஆம் தேதி ஞாயிறு. பாதை உனக்குத்தான் தெரியும் என்பதால் நீதான் போக வேண்டும், ஆனால் தனியாக இல்லை. அங்கன்வாடி ஜெஸி டீச்சர் சாட்சியாகக் கூட வருவார். பதினாறு புள்ளி வந்தால் ஃபாக்டரி முற்றத்தை அளப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அளப்பதாகத்தான் சொன்னார்கள், மாற்றுவதாகச் சொல்லவில்லை. எஸ்டேட் என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

விதியை நினைவில் வைத்துக்கொள். ஒரு வீட்டில் இருப்பவர் என்றால் கடந்த ஆறு மாதம் அங்கே உண்டு உறங்கியவர் மட்டும் இல்லை, அடுத்த ஆறு மாதமும் அங்கேயே இருக்கப் போகிறவர். வீட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ அதுதான் பதில். கணக்கெடுப்பவன் திருத்தக் கூடாது. அம்மாவுக்காக நீ பதில் சொல்லிவிடாதே.

மறுபடி சேர்வதற்கான விண்ணப்பப் பாரம் இத்துடன் இருக்கிறது. 21-ஆம் தேதி வகுப்பு. மாமியிடம் கேட்டுவிட்டேன். "வரட்டும். ஆனா தொம்தொம்னு நடக்கப்படாது, சொல்லிடு" என்றார். முடிவை நீயே எடு.

கௌசல்யா


வளவுமுக்கு
13 ஜூலை 2025

அக்கா,

இன்று கணக்கெடுத்தோம். பதினைந்து வீட்டில் எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார்கள். பேரப்பிள்ளைகளை இழுத்து வந்து முன்னால் நிறுத்தினார்கள்.

சாவி வாங்கிப் போன மற்ற பத்து வீடு போலவே பிச்சைக்கனி மாமா வீட்டிலும் வெளியே பூட்டு. பூட்டினது நான் இல்லை. ஜெஸி டீச்சர் தட்டச் சொன்னார். மூன்று தடவை தட்டினேன். மூன்றாவதில் உள்ளே யாரோ தும்மினார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் டேப்பைப் பார்த்தேன். 'பூட்டிய வீடு' என்று அழுத்தி, போட்டோ எடுத்தேன். இதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

நம் வீடு கடைசி. பூட்டைக் காணோம், கதவு திறந்திருந்தது. அம்மா தலைவாரி, நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "வாங்க சார், வாங்க டீச்சர்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பெயர் கேட்டேன், மாடம்மாள் என்றாள். வயது கேட்டேன், சொன்னாள். நாலாவது கேள்வி, வீட்டில் எத்தனை பேர்.

"ஒண்ணு."

மறுபடி கேட்டேன்.

"நான் ஒருத்திதான் சார். மவ டவுன்ல வேலை பாக்கா. மவன் படிக்கப் போயிருக்கான்."

நான் அவள் முன்னால் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன் அக்கா. நீ அனுப்பின பாரத்தை அவளிடம் நான் காட்டவே இல்லை. சட்டை துவைக்கும்போது எடுத்திருப்பாள். எழுத்துத் தெரியாது, யாரிடம் படிக்கச் சொன்னாளோ. டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கணக்கெடுப்பவன் திருத்தக் கூடாது. ஒன்று என்று அழுத்தினேன். அம்மாவை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். உங்கள் படத்தில் இனி அங்கே ஒரு புள்ளி இருக்கும்.

டீச்சர் போனதும் உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டி நடுவீட்டில் துடைத்து வைத்திருந்தது. அதில் உன் நகப்பாலிஷ் பூட்டு தொங்கியது. சாவி என் கொத்தில்தான் இருக்கிறது, திறந்து பார்க்கவில்லை. எஸ்டேட் ஆள் வந்து இறங்கச் சொன்னால் அவள் தனியாக நிற்பாள். நான் இருந்தாலும் என்ன செய்துவிடுவேன் என்றும் தெரியவில்லை. இறங்குவதா, இருப்பதா, ஒன்றும் புரியவில்லை.

அம்மா சோறு போட்டாள். தட்டு இரண்டு வைத்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன்.

பிரஜின்